தாமோதரன் பேருக்கு வந்த கடுதாசிகள்

நெல்சன், நியூசிலாந்து
25-2-2024

அன்புள்ள அண்ணிக்கு, புஷ்பா எழுதுறேன். நான் சுகமா வந்து சேர்ந்துட்டேன். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? தைலம் தேய்க்கிறீங்களா, இல்ல நான் ஊர்ல இல்லைன்னு பாட்டிலை அப்படியே வச்சிருக்கீங்களா?

போன் பண்ணா லோகி பிடுங்கிக்கிறா. நீங்க தூரத்துல நின்னு "நல்லாக்கீறோம்"னு ஒரு சத்தம் குடுத்துட்டு மீன் வெட்டப் போயிடுறீங்க. ஒம்போது வயசுப் பொண்ணை நடுவுல வச்சிக்கிட்டு நாம என்னத்தைப் பேசுறது. அதனால போன் லோகிக்கு, கடுதாசி உங்களுக்கு. ஏழாங்கிளாஸ் எழுத்துதான். பியூலா டீச்சர்கிட்ட காட்டாதீங்க, சிவப்பு மையில திருத்துவாங்க.

எதை முதல்ல சொல்றதுன்னு தெரியலை அண்ணி. வீட்டுக்கு முன்னாடி கடல். ஆனா கரையில வலையும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு நாய் மட்டும் கயிறு கட்டிக்கிட்டு நடக்குது. மீன் கடையில தலையைக் குப்பையில போடுறாங்க. நான் கேட்டேன், சும்மாவே குடுத்துட்டாங்க. இவரு பஸ் ஓட்டிட்டு நாலு மணிக்கு வந்து தானே உலை வைக்கிறாரு. சாப்பிட்டதும் நான் அவர் தட்டை எடுக்கப் போனா, அவரு என் தட்டையும் சேர்த்து வாங்கிக் கழுவுறாரு. யாராவது பார்த்துடப் போறாங்கன்னு நான் ஜன்னலைச் சாத்தினேன்.

ரெண்டாம் நாளு ஒரு வெள்ளைக்கார அம்மா கேக் எடுத்துக்கிட்டு வந்தாங்க. என்னைக் கட்டிப் பிடிச்சாங்க. யாருன்னு கேட்டா, "டயான். என் பழைய சம்சாரம்"ங்கிறாரு. நான் அப்படியே உக்காந்துட்டேன். கோர்ட்டுல பிரிஞ்சவங்க ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க மாட்டாங்கன்னுதானே நாம நெனச்சோம். இவங்க ரெண்டு தெரு தள்ளி இருக்காங்களாம். இவர் பல்லு வலிக்குதுன்னா மாத்திரை குடுத்து அனுப்புறாங்களாம்.

முக்கியமான விஷயம். லோகி விசாவுக்கு ரெண்டு பேப்பர் வேணும். அவ பொறந்த சர்டிபிகேட், அவ அப்பா இறந்த சர்டிபிகேட். ரெண்டும் உங்க தகரப் பெட்டியில இருக்கு. அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க நான் கையெழுத்துப் போட்ட பேப்பரும் இதோட வச்சிருக்கேன். சீக்கிரம் அனுப்பினா வர்ற பொங்கலுக்குள்ள அவ என்கிட்ட வந்துடுவா.

திருநீர்மலைக் கோயில்ல என் கையைப் பிடிச்சு இவர் கையில குடுத்தது நீங்க. தம்பி பொண்டாட்டிக்குக் கல்யாணம் பண்ணி வச்ச நாத்தனார்னு ராஜகீழ்ப்பாக்கமே பேசுச்சு. அதை நான் மறக்க மாட்டேன்.

இப்படிக்கு
புஷ்பலதா


ராஜகீழ்ப்பாக்கம்
20-3-2024

புஷ்பாவுக்கு முத்தாலம்மா எழுதுறது. இங்க நானும் லோகியும் சொகம். நீயும் உன் வூட்டுக்காரரும் சொகமா கீணும்.

உன் லெட்டர் மூணு வாரம் கழிச்சி வந்துச்சி. நான் படிக்கிறதுக்குள்ள லோகி ஸ்டாம்பைக் கிழிச்சி ஸ்கூலுக்கு எடுத்துகினு போயிட்டா. "எங்கம்மா ஊரு ஸ்டாம்ப்"னு காட்டினாளாம். இன்னா பெருமை கழுதைக்கு.

நான் நாலாவது வரைக்கும்தான். அதனால பெருசா எழுத வராது. தட்டு கழுவுற ஆம்பளைன்னு எழுதியிருந்த. கழுவட்டுமே. அதுக்கு ஏன் ஜன்னலை மூடுற, தொறந்து வை, பாக்குறவன் கத்துக்கட்டும். அந்தப் பழைய சம்சாரம் விஷயந்தான் எனக்குப் பேஜாரா கீது. கேக்கை நீ மொதல்ல துன்னியா, அவரு துன்னாரா? சூதானமா இரு.

மார்க்கெட்ல உன் எடம் காலியாத்தான் கீது. புதுசா வந்தவ ஒருத்தி கூடையை வெக்கப் பாத்தா. இது புஷ்பா எடம், லீவுல போயிருக்கான்னு சொல்லிட்டேன்.

பேப்பருங்க பெட்டியிலதான் கீது. ஞாயித்துக்கெழமை பியூலா டீச்சர் வராங்க, ஜெராக்ஸ் எடுத்துகினு அனுப்புறேன். பாஸ்போர்ட்டுக்கும் எழுதிக் குடுக்குறேன்னாங்க. லோகி இப்பவே ஸ்வெட்டர் கேக்குறா. வெளிய வெயில்ல மண்டை பொளக்குது, இவ வூட்டுக்குள்ள ஸ்வெட்டர் போட்டுகினு நியூசிலாந்துன்றா.

முத்தாலம்மா


நெல்சன்
12-4-2024

அன்புள்ள அண்ணிக்கு, இங்க ரெண்டு பேரும் நலம். உங்க கடுதாசியை நாலு தடவை படிச்சேன். கேக்கை டயான்தான் முதல்ல சாப்பிட்டாங்க, பயப்படாதீங்க. இப்ப ஞாயித்துக்கிழமை அவங்க வந்து என்கிட்ட மீன் தலைக் குழம்பு கத்துக்கிறாங்க. புளி கரைக்கும்போது மூக்கை மூடிக்கிறாங்க, ஆனா சோத்துல ஊத்தினா தட்டை வழிச்சிடுறாங்க.

ஒண்ணு நடந்துச்சு. சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

விசாவுக்கு ஒரு டெஸ்ட் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாற்காலியில உக்காந்திருக்கோம். நர்ஸ் கதவைத் திறந்து சத்தமா, "தாமோதரன்"னாங்க.

அண்ணி, நான் வாசப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். நெஜமா பார்த்தேன். கோவளத்துல அவரு படகு கவுந்து மூணு வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் அந்தப் பேரை யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டு நான் கேட்கலை. நீங்க தம்பிம்பீங்க, லோகி அப்பாம்பா, நான் அவரு இருக்கும்போதும் சொன்னதில்லை. இங்க யாரோ ஒரு பொண்ணு, மூணாம் மனுஷி, அவரு உள்ள வரணும்னு கூப்பிடுற மாதிரி கூப்பிடுது. ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாங்க. இவருதான் என் தோளைத் தொட்டு, "உன்னைத்தான்"னாரு.

அவரு பக்ரைன் படகு வேலைக்குப் போறேன்னு குதிச்சு, தாம்பரத்துல ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தாரே ஞாபகம் இருக்கா? அதுல என் பேருக்குப் பின்னாடி அவர் பேரு போட்டிருக்கு. இங்க பின்னாடி இருக்கிற பேரைத்தான் கூப்பிடுவாங்களாம். பேங்க்ல, பஸ் பாஸ்ல, எல்லா இடத்துலயும் நான் மிஸஸ் தாமோதரன்.

வீட்டுக்கு வந்ததும் இவரு சொன்னாரு, ஒரு ஃபாரம் எழுதினா பேரை மாத்திக்கலாமாம். நான் உடனே சரின்னுட்டேன். ஒருத்தர் வீட்டுல இன்னொருத்தர் பேரோட இருக்கிறது நல்லாவா இருக்கு. இனிமே நான் இவர் பேரைச் சேர்த்துப் புஷ்பலதா சம்பந்தம். லோகிக்கும் லோகிதா சம்பந்தம்னு போட்டுட்டா பள்ளிக்கூடத்துல யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. கேட்கவே புதுசா இருக்கு இல்ல? நான் காகிதத்துல பத்து தடவை எழுதிப் பார்த்தேன்.

பேப்பர் அனுப்பிட்டீங்களா? அவளுக்குக் கட்டில் வாங்கிட்டோம். மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ஏணி வச்சது.

உங்க
புஷ்பா


ராஜகீழ்ப்பாக்கம்
6-5-2024

புஷ்பாவுக்கு. சொகம். லோகி பரிட்சை எழுதி முடிச்சிட்டா. லீவு வுட்டாச்சி.

பேப்பருங்க காணம். பெட்டியைக் கொட்டிப் பாத்தாச்சி. மழைத் தண்ணி வந்தப்ப போயிருக்கும்.

மீன் வரத்து இல்ல, தடைக்காலம், படகு கடலுக்குப் போவல. வேற இன்னா எழுதுறது.

முத்தாலம்மா


நெல்சன்
2-6-2024

அன்புள்ள அண்ணிக்கு, உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? கடுதாசி சின்னதா இருந்துச்சு. போன்லயும் இப்பல்லாம் உங்க சத்தமே கேட்கலை. லோகியைக் கேட்டா, "அத்தை தூங்குறாங்க"ன்னுது. காலையில ஆறு மணிக்கு நீங்க எப்ப தூங்கியிருக்கீங்க.

பேப்பரு மழைத் தண்ணியில போயிருக்காது. போன டிசம்பர்ல ஏரி ரொம்பி வீட்டுக்குள்ள வந்தப்ப நாம முதல்ல பெட்டியைத்தானே அலமாரி மேல ஏத்தினோம். நீங்கதான் ஏத்தினீங்க. இன்னொரு தடவை பாருங்க. அது இல்லாம விசா ஆபீசுல ஃபாரமே வாங்க மாட்டாங்க. அவ இல்லாம எனக்கு இந்த ஊர்ல எதுவும் முழுசா இல்லை.

இங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சு. காலையில இவரு பஸ் கண்ணாடியில ஐஸ் சுரண்டுறாரு, நம்ம மீன் பொட்டி ஐஸ் மாதிரி. நான் அதைக் கையில எடுத்து மோந்து பார்த்தேன். மீன் வாசனை இல்லை. இவரு அரை மணி நேரம் சிரிச்சாரு.

பதில் போடுங்க அண்ணி.

புஷ்பா


ராஜகீழ்ப்பாக்கம்
1-7-2024

புஷ்பாவுக்கு முத்தாலம்மா எழுதுறது. எல்லாரும் சொகம், உங்க சொகத்துக்கும் எழுது.

லோகியை இட்டுகினு திருநீர்மலை போனேன். படி ஏறுறப்ப எனக்கு மூச்சு வாங்கிச்சி. அவ மேல நின்னுகினு, "அத்தை, இங்கேந்து பாத்தா பிளேன் எவ்ளோ கிட்ட போவுது பாரு"ன்னா. கோயிலைப் பாக்காம பிளேனைப் பாத்துகினு இருந்தா. எண்ணுறா. பதினாலு போச்சாம்.

அவளுக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு வுழுந்துச்சி. சங்கரா மீனு அஞ்சாறு நல்லதா வந்துச்சி, வறுத்துக் குடுத்தேன். சடை இப்ப முதுகு வரைக்கும் வருது. கணக்குல மட்டும் மந்தம். அவ அப்பன் மாதிரி. நான் அவனை ஸ்கூலுக்கு இழுத்துகினு போவேன், அவன் கடக்கரைக்கு ஓடுவான்.

முத்தாலம்மா

(பின்பக்கம், பென்சிலில்)

அம்மா, அத்தை இதை ஒட்டிப் போடச் சொல்லி என்கிட்ட குடுத்தாங்க. பேப்பர் காணாம போகல. பெட்டியில அப்பா சட்டைக்குக் கீழ இருக்கு. சனிக்கிழமை அத்தை அதை எடுத்து மடியில வெச்சிகிட்டு உக்காந்து இருந்தாங்க. நான் சொன்னேன்னு சொல்லாத. ஸ்வெட்டர் பச்சை கலர் வேணும். லோகி.


நெல்சன்
26-7-2024

அன்புள்ள அண்ணிக்கு, நாங்க நலம். லோகி பல்லு விழுந்ததை எழுதினீங்களே, அதை இவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். படியில மெதுவா ஏறுங்க.

இன்னைக்கு நிறைய எழுதப் போறேன். உக்காந்து படிங்க.

பேரு மாத்துற ஃபாரத்தை எடுத்துக்கிட்டு போன வாரம் சமையல் மேசையில உக்காந்தோம். இங்கிலீஷ்ல எழுத டயான் வந்தாங்க. சாட்சிக் கையெழுத்துப் போடணும்னு அவங்க பேரை எழுதினாங்க. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். டயான் ஏழுமலை.

அண்ணி, ஏழுமலைங்கிறது இவரோட அப்பா பேரு. மதுராந்தகத்துல நுங்கு வித்தவரு, செத்து இருவது வருஷம் ஆச்சு. இவர் பாஸ்போர்ட்ல பின்னாடி அப்பா பேரு. கல்யாணம் கட்டினப்ப இந்த அம்மா அதை வாங்கிக்கிட்டாங்க. பிரிஞ்சு பதினொரு வருஷம் ஆகியும் திருப்பிக் குடுக்கலை. அவங்க மருந்துக்கடையில வேலை, நெஞ்சுல பேட்ஜ், அதுல ஏழுமலை. ஊரே அவங்களை மிஸஸ் ஏழுமலைங்குது. ஏன் மாத்தலைன்னு கேட்டேன். இவரு தமிழ்ல சொன்னாரு: "இருபது வருஷமா எல்லாரும் கூப்பிடுற பேரு, ஏன் மாத்தணும்? நல்ல பேருதானேங்கிறா." அவங்களோட இப்ப இருக்கிற ஆளு அதுக்குக் கோவிச்சிக்கலையான்னேன். அதை இவரு அவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லவும் அவங்க சிரிச்ச சிரிப்புல டீ கொட்டிடுச்சு.

நான் பேனாவை மூடி வச்சிட்டேன். இவரைக் கேட்டேன், "நான் மாத்தலைன்னா உங்களுக்கு வருத்தமா இருக்குமா?"

இவரு சொன்னாரு, "நேத்து ஹீட்டர் ரிப்பேர் பண்ண வந்தவன் மிஸ்டர் தாமோதரனான்னு கேட்டான். ஆமான்னு கதவைத் திறந்தேன். அதுக்கு முன்னாடி போஸ்ட்மேன் கேட்டான், அவனுக்கும் ஆமான்னேன். உன்னைக் கேக்க உங்க வூட்டுக்கு வந்தப்ப, அவர் போட்டோவைக் கும்பிட்டுட்டுத்தானே உங்க அண்ணிகிட்ட வாயைத் திறந்தேன்."

நெஜந்தானே அண்ணி? அன்னைக்கு நீங்க அதைப் பார்த்துட்டுத்தானே நாற்காலி எடுத்துப் போட்டீங்க.

ஃபாரத்தைக் கிழிச்சிட்டேன். அதுல லோகி பேரும் இருந்துச்சு. அவ லோகிதா தாமோதரன்தான். விசாவுக்கு எழுதித் தர்றவரும் அதுதான் நல்லதுங்கிறாரு. அம்மா பேருக்குப் பின்னாடியும் பொண்ணு பேருக்குப் பின்னாடியும் ஒரே பேரு இருந்தா ஒரு கேள்வியும் வராதாம். அவரு பேருதான் அவளைக் கூட்டிக்கிட்டு வரப் போகுது.

ஏப்ரல்ல நான் அவசரப்பட்டு எழுதினதை நெனச்சா இப்ப கூச்சமா இருக்கு. புதுப் பொண்டாட்டின்னா இப்படித்தான் செய்யணும்னு நானே நெனச்சிக்கிட்டேன். யாரும் சொல்லலை.

பேப்பரு கிடைக்கலைன்னா ஆபீசுல எழுதிக் குடுத்து வேற நகல் வாங்கலாம்னு பியூலா டீச்சர் லோகிகிட்ட போனை வாங்கி என்கிட்ட சொன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். உங்க கையிலேர்ந்து வந்தா போதும். எப்ப வருதோ அப்ப வரட்டும்.

உங்க
புஷ்பா


ராஜகீழ்ப்பாக்கம்
14-9-2024

புஷ்பாவுக்கு முத்தாலம்மா எழுதுறது. நானும் லோகியும் சொகம். நடுவுல ஜொரம் வந்துச்சி, போயிடுச்சி.

பேப்பருங்க கெடச்சிது. எங்கன்னு கேக்காத. ரெண்டையும் இதோட அனுப்புறேன், ரிஜிஸ்டர் தபால்.

உன் ஏப்ரல் மாசத்து லெட்டர் வந்த அன்னிக்கி மார்க்கெட்ல மீன் வெட்டிகினு இருந்தேன். தடைக்காலத்துல வந்த ஏரி மீனு. பக்கத்துல ஒருத்தி படிச்சிக் காட்டினா. லோகிதா சம்பந்தம்னு அவ வாயால கேட்டதும் கத்தி வெரல்ல எறங்கிடுச்சி. அந்த ஆளு மேல கோவமில்ல. நான் பாத்து வெச்ச ஆளு. ஆனா தாமு எங்கம்மாவுக்குக் கடைசிப் புள்ள, நான் இடுப்புல தூக்கி வளத்தவன். அவனுக்கு வூடு இல்ல, படகு இல்ல, சமாதின்னு ஒரு கல்லு நட்ட எடம் இல்ல. லோகி பேருக்குப் பின்னால மட்டும்தான் குந்திகினு கீறான். அதையும் அழிக்கிறதுக்கு நானே பேப்பர் எடுத்துக் குடுக்கணுமான்னு இருந்துச்சி. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல.

இப்ப மனசு சரியாயிடுச்சி. ஹீட்டர்காரனுக்கு அவரு ஆமான்னு சொன்னதை லோகியை நாலு தபா படிக்கச் சொன்னேன். அவ சலிச்சிகினா.

பாஸ்போர்ட்டுக்குத் தாம்பரம் போனோம், டீச்சரும் வந்தாங்க. கவுண்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்து, "லோகிதா தாமோதரன்"னா. லோகி எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி நான் எழுந்து நின்னுட்டேன். "நீங்க யாரும்மா"ன்னா. "அவன் அக்கா"ன்னேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியல.

ஜெராக்ஸ் ஒண்ணு பெட்டியில வெச்சிகினேன்.

முத்தாலம்மா


நெல்சன்
8-10-2024

அன்புள்ள அண்ணிக்கு, நலம். ஜொரம்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லலையே. இனிமே சொல்லணும்.

பேப்பரு வந்துடுச்சு. கவரைப் பிரிச்சா நம்ம வீட்டு வாசனை, கற்பூரமும் கருவாடும். கொஞ்ச நேரம் மேசையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் எழுந்து முகம் கழுவி, அன்னைக்கே ஆபீசுல குடுத்துட்டு வந்தோம்.

இன்னைக்கு இதுக்கு மேல எழுத முடியலை. சந்தோஷத்துலதான்.

புஷ்பா


ராஜகீழ்ப்பாக்கம்
19-1-2025

புஷ்பாவுக்கு முத்தாலம்மா எழுதுறது. சொகம், சொகம்.

விசா வந்துடுச்சின்னு டீச்சர் போனைத் தூக்கிகினு தெரு முழுக்க ஓடிவந்தாங்க. ஆசீர்வாதம் பண்ணணும்னு வூட்ல ஜெபம் பண்ணிட்டாங்க. நான் கற்பூரம் ஏத்திட்டேன். ரெண்டு பக்கமும் சொல்லியாச்சி, பிளேன் பத்திரமா போவும்.

தனியா போற புள்ளைங்களைக் கம்பெனிக்காரங்களே கழுத்துல அட்டை மாட்டி இட்டுகினு போவாங்களாம். லோகி அதுக்கே ஆடுறா. கிளாஸ்ல எல்லாருக்கும் டாட்டா சொல்லி மூணு தபா பிரிஞ்சி வந்துட்டா. போற தேதி பிப்ரவரின்னு சொன்னாலும் கேக்கல.

அவளுக்குத் தலை சீவுறப்ப நடுவுல வகிடு எடுக்காத, அழுவா. பூண்டு தட்டிப் போட்ட ரசம் மட்டும் குடு, முழுசாப் போட்டா எடுத்து ஓரத்துல வெப்பா. கணக்குக்கு ஆளு போடு. கடல்ல எறங்க வுடாத. இல்ல, எறங்கட்டும், நீ கூட நில்லு.

பச்சை ஸ்வெட்டர் தாம்பரத்துல வாங்கிட்டேன். இன்னாத்துக்குப் பச்சைன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றா.

நான் ரேடியோ ஒண்ணு வாங்கிகினேன். வூடு சத்தமாத்தான் கீது.

முத்தாலம்மா


நெல்சன்
20-2-2025

அன்புள்ள அண்ணிக்கு, மூணு பேரும் நலம். மூணுன்னு எழுதுறதுக்கே கை ஓட மாட்டேங்குது, அவ்வளவு சந்தோஷம். லோகி போன்ல எல்லாம் சொல்லியிருப்பா. ஆனா அவளுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

கிறைஸ்ட்சர்ச் ஏர்போர்ட்டுக்கு ஆறு மணி நேரம் கார்ல போனோம். டயானும் வந்தாங்க, மீன் வறுவல் அவங்க கையால செஞ்சு டப்பாவுல. உப்பு போட மறந்துட்டாங்க. பிளேன் இறங்கிடுச்சுன்னு போர்டுல போட்டான். எல்லாரும் வெளிய வராங்க, இவளைக் காணோம். அப்புறம் ஒரு பொண்ணு, கம்பெனி உடுப்புல, கையில பேப்பரோட கதவுக்கு வெளிய வந்து எட்டிப் பார்த்து, "தாமோதரன்? தாமோதரனுக்கு யார் வந்திருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு.

போன வருஷம் ஆஸ்பத்திரியில நான் வாசலைப் பார்த்தேன்னு எழுதினேனே. இந்தத் தடவை நான் பார்க்கலை. எனக்கு முன்னாடி இவரு கையைத் தூக்கிட்டாரு. கூட்டத்துக்கு நடுவுல, பஸ்ஸை நிறுத்துற மாதிரி முழுக் கையையும் தூக்கி, "நாங்கதான்"னாரு.

அந்தப் பொண்ணு திரும்பி உள்ள சைகை காட்டுச்சு. பச்சை ஸ்வெட்டரோட வந்தா அண்ணி. "கூட்டத்துல நீ என்னை உடனே கண்டுபிடிக்கணும்னுதான் பச்சை"ன்னா. இறங்கினதும் கேட்ட முதல் கேள்வி, "மேல் கட்டில் எனக்குத்தானே?"

பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டோம். வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தினமும் அந்தப் பேரைக் கூப்பிடுறாரு. இவ தினமும் ஆமாங்கிறா. அவ அப்பா பிளேன் ஏறணும்னு எடுத்த பாஸ்போர்ட்டுல அவரு ஏறவே இல்லை. ஆனா பேரு வந்து சேர்ந்துடுச்சு.

இப்ப உங்க விஷயம். லோகி ஸ்கூல் லீவுக்கு நீங்க இங்க வரணும். முட்டிவலி, மார்க்கெட், ரேடியோ எதுவும் சொல்லாதீங்க. பியூலா டீச்சர்கிட்ட பாஸ்போர்ட்டுக்குச் சொல்லியாச்சு. அழைக்கிற ஃபாரத்தை நேத்து நாங்க மூணு பேரும் டயானும் உக்காந்து நிரப்பினோம். வர்றவங்க உங்களுக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. டயான் பேனாவை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. இவரும் பார்த்தாரு. நான் நாத்தனார்னு எழுதச் சொன்னேன். எந்தப் புருஷன் வழியிலன்னு அந்தக் கட்டம் கேட்கலை.

உங்க
புஷ்பா